காலில் புண்ணோடு இருப்பவருக்கு இந்த அச்சு எப்போது வரும்?

“மிஸி, முடியை அச்சடித்துத் தலையில் நட்டுவிடுகிறார்களாமே, உண்மையா?” பணி ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. ஜாசின் பட்டணத்தில் முடிதிருத்தகம் நடத்துபவர் கேட்டார். முப்பது வயதாகும் முன்பே நெற்றி ஏறிவிட்ட மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் அம்மா கேட்டார். பிள்ளை பெற்ற பிறகு சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருகிறது என்று ஓர் ஆசிரியை கேட்டார். மூவருக்கும் கைப்பேசியில் ஏதோ ஒரு விளம்பரம் வந்திருந்தது. உங்கள் உயிரணுவையே எடுத்துப் புது முடி உருவாக்கித் தருகிறோம், முன்பணம் கட்டினால் போதும் என்று.

மூவருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். அப்படியொரு சிகிச்சை இன்றைக்கு உலகத்தில் எந்த மருத்துவமனையிலும் வழக்கத்துக்கு வரவில்லை. பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த ஆராய்ச்சி பொய்யில்லை. அதை நான் ஆர்வத்தோடு கவனித்து வருகிறேன். காரணம் முடியல்ல, புண். தாதியாக நான் வேலை பார்த்த ஆண்டுகளில் பெரும்பகுதி மலாக்காவின் அரசாங்க சுகாதார நிலையங்களில், புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில்தான் கழிந்தது. அந்த அறையில் நின்று பார்த்தவளுக்குத் தோலையும் முடியையும் அச்சடிக்கும் இந்தக் கலை நம் மக்களுக்கு எவ்வளவு தேவை என்பது தெரியும். சந்தையின் கையில் மட்டும் விட்டால் அது முதலில் யார் வீட்டு வாசலுக்குப் போகும் என்பதும் தெரியும்.

முதலில், இது என்ன வேலை என்று பார்ப்போம். இடியாப்பம் பிழியும் உழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மாவுக்குப் பதிலாக உயிருள்ள செல்கள் கலந்த ஒரு கூழ். கைக்குப் பதிலாகக் கணினி. நோயாளியின் உடம்பிலிருந்து சின்னத் தோல் துண்டு ஒன்றை எடுத்து, அதிலுள்ள செல்களைப் பிரித்து, ஆய்வுக்கூடத்தில் பெருக்குகிறார்கள். கொலாஜன், பைப்ரின் போன்ற, நம் உடம்பிலேயே உள்ள புரதங்களின் கூழில் அவற்றைக் கலக்கிறார்கள். கீழ்த்தோலுக்கு உரிய செல்கள் முதலில், மேல்தோலுக்கு உரியவை அதன் மேல் என்று அடுக்கடுக்காக அச்சுப்பொறி இறக்குகிறது. பிறகு உடம்புச் சூட்டில் வைத்து வளர்க்கிறார்கள். ஸ்பெயினில் மாட்ரிட் கார்லோஸ் மூன்றாம் பல்கலைக்கழகக் குழு 2017இல் காட்டிய அச்சுப்பொறி, பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் தோலை 35 நிமிடத்துக்குள் இறக்கியது.

அச்சு புதிது. தோல் வளர்ப்பு பழையது. அமெரிக்காவில் ஹோவர்ட் கிரீனும் ஜேம்ஸ் ரைன்வால்டும் மனித மேல்தோல் செல்களை ஆய்வுக்கூடத்தில் பெருக்கும் வழியை 1975இல் வெளியிட்டார்கள். எட்டு ஆண்டு கழித்து, வயோமிங் மாநிலத்தில் உடம்பு முழுக்க வெந்துபோன 5, 6 வயதுச் சகோதரர்கள் இருவருக்கு, தீயில் தப்பியிருந்த சிறு தோல் துண்டுகளிலிருந்து தாள் தாளாகத் தோல் வளர்த்துப் பாஸ்டனில் ஒட்டினார்கள். இருவரும் பிழைத்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால் அப்படி வளர்ப்பது மேல்தோல் மட்டுமே. கீழ்த்தோலின் உறுதி அதற்குக் கிடையாது, வியர்வைச் சுரப்பி கிடையாது, மயிர்க்கால் கிடையாது. நம் ஊர் வெயிலில் இது சின்ன விஷயமில்லை. உடம்பில் பெரும்பகுதி வெந்து பிழைத்தவருக்கு வேர்க்காது. வேர்க்காத உடம்பு சூட்டை வெளியே விடத் தெரியாமல் தவிக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு மெர்லிமாவ் பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்த்தால் அது என்னவென்று புரியும்.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் இப்போதைய ஆராய்ச்சிகள் நடக்கின்றன. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஏஞ்சலா கிறிஸ்டியானோ குழு, முப்பரிமாண அச்சில் செய்த வார்ப்புகளில் மனிதச் செல்களை ஊற்றி மயிர்க்காலோடு கூடிய தோலை உருவாக்கி 2018இல் வெளியிட்டது. 2023இல் ரென்சிலேர் பாலிடெக்னிக்கின் பங்கஜ் கரண்டே குழு, அச்சடித்த தோலுக்குள்ளேயே மயிர்க்காலின் தொடக்க வடிவத்தை அச்சடித்துக் காட்டியது. ஆனால் அந்தத் தோல் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மூன்று வாரம்தான் தாங்கியது. ஒரு முடி முளைத்து வெளியே வருவதற்கே அந்தக் காலம் போதாது. அதே 2023இல் அமெரிக்காவின் வேக் பாரஸ்ட் ஆராய்ச்சி நிலையம் ஆறு வகை மனிதச் செல்களை வைத்து அச்சடித்த தோலை எலிகள்மேல் ஒட்டிப் பார்த்தது. 2024இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இப்ராகிம் ஓஸ்போலாட் குழு, அறுவைச் சிகிச்சை நடக்கும்போதே எலியின் காயத்துக்குள் நேரடியாக அச்சடித்து, மயிர்க்கால் உருவாவதன் முதல் அறிகுறிகளைக் கண்டது. எலி வரைக்கும் வந்திருக்கிறார்கள். சலூன் நாற்காலிக்கு இன்னும் வெகுதூரம்.

சரி, புண்ணைப் பற்றிப் பேச வந்தவள் முடியை ஏன் இழுக்கிறேன் என்று கேட்கலாம். மாசி மகத்துக்கு செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் மொட்டை போட்டவர் தலையைப் பாருங்கள். கத்தி மேலோடு போகிறது; மயிர்க்கால் உள்ளே பத்திரமாக இருக்கிறது; மாதம் போவதற்குள் தலை கருத்துவிடுகிறது. முடியை மட்டுமா அது வளர்க்கிறது? மயிர்க்காலில் ஒரு சிறு புடைப்பு உண்டு. குருத்தணுக்கள் குடியிருக்கும் இடம் அதுதான் என்று 1990இல் ஜார்ஜ் கோட்சாரெலிஸ் குழு காட்டியது. தோல் கிழிந்தால் அங்கிருந்து செல்கள் மேலேறி வந்து புண்ணை மூட உதவுகின்றன.

கட்டுப் போடும் அறையில் இதை நாங்கள் கண்ணாலேயே பார்ப்போம். தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது எண்ணெய் தெறித்துக் கையில் கொப்புளம் போட்டவர் வருவார். வெந்தது மேலாக என்றால், இரண்டு வாரத்தில் புண்ணின் நடுவிலேயே அங்கங்கே சின்னச் சின்னத் தீவுகளாகப் புதுத் தோல் தோன்றும். ஒவ்வொரு தீவுக்கும் அடியில் ஒரு மயிர்க்காலோ சுரப்பியோ பிழைத்திருக்கும். ஆழமாக வெந்து மயிர்க்காலும் போய்விட்டால் தீவு கிடையாது. ஓரத்திலிருந்துதான் தோல் ஊர்ந்து வரவேண்டும். அது மாதக் கணக்கு. பல சமயம் ஒட்டுத்தோல் வைத்தால்தான் மூடும். உச்சந்தலைத் தோலை ஒட்டுக்கு எடுத்தால் எடுத்த இடம் சீக்கிரம் ஆறிவிடுகிறது, மறுபடியும் எடுக்க முடிகிறது என்று அறுவை மருத்துவர்கள் விரும்புவதும் இதனால்தான். அங்கே மயிர்க்கால் அவ்வளவு அடர்த்தி. ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் பிரான்சிஸ்கோ ஹிமெனெஸ் என்ற மருத்துவர் ஆறாத கால் புண்களின் ஒரு பகுதியில் தலைமுடியை வேரோடு நட்டுப் பார்த்து, முடி நட்ட பகுதி நடாத பகுதியைவிட நன்றாகச் சுருங்கியதை 2012இல் எழுதினார்.

ஆகவே முடி ஆராய்ச்சி வேறு, புண் ஆராய்ச்சி வேறு என்று பிரிக்க நான் தயாராக இல்லை. மயிர்க்காலோடு அச்சடித்த தோல் கிடைத்தால் வழுக்கைத் தலைக்காரரும் பயனடைவார், வெந்துபோன பிள்ளையும் பயனடையும். ஆய்வுக்கூடத்தில் இருவருக்கும் ஒரே வேலைதான் நடக்கிறது. அது கட்டடத்தை விட்டு வெளியே வந்த பிறகு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பணம் முடிவு செய்கிறது.

பணம் போட்டவர்களைப் பாருங்கள். 2015இல் லோரியால் நிறுவனம் அமெரிக்காவின் ஆர்கனோவோவோடு தோல் அச்சுக்கு ஒப்பந்தம் போட்டது. 2016இல் பிரான்சின் போயட்டிஸ் நிறுவனத்தோடு மயிர்க்கால் அச்சுக்குக் கை கோத்தது. இந்தியாவில் டெல்லி ஐஐடி குழு 2018இல் மனிதத் தோல் மாதிரியை அச்சடித்தபோது கூட்டாளியாக இருந்தது ஐடிசி நிறுவனம். விலங்குகள்மேல் சோதித்த அழகுப் பொருள்களை விற்க ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் முழுத் தடை போட்டதும் இந்த ஆர்வத்துக்கு ஒரு காரணம். கிரீமைச் சோதிக்க மனிதத் தோல் மாதிரி வேண்டும். இதில் தப்பு எதுவும் இல்லை. முயலின் கண்ணில் மருந்து ஊற்றுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். அவர்கள் போட்ட பணத்தில் கற்றுக்கொண்ட நுட்பம் நாளை மருத்துவத்துக்கும் உதவும். ஆனால் அழகுப் பொருள் நிறுவனத்துக்கு வேண்டியது சோதனைக்கு ஒரு சின்ன வட்டத் தோல். ஒரு தோட்டத்துப் பாட்டியின் குதிகாலில் போய் ஒட்டி உட்காரும் தோல் அவர்களுடைய கணக்கில் வராது. வரவேண்டும் என்று அவர்களை வற்புறுத்தவும் முடியாது. அது அரசாங்கத்தின் வேலை.

நம் மக்களின் தோல் என்னென்ன பட்டது என்பதை நகரத்தில் வளர்ந்த இளையோர் அறியமாட்டார்கள். என் அப்பா பால்மரம் வெட்டியவர். ஸ்டோரில் பாலை உறைய வைக்கும் எசிட்டில் அவர் விரல் இடுக்குகள் எப்போதும் வெடித்தே கிடக்கும். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் அம்மா மருந்தடிக்கப் போனார். முதுகில் பம்பு, காலில் ஓட்டைச் செருப்பு, கையுறை கிடையாது. பம்பு ஒழுகும். நகங்கள் கறுத்து, ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. லயத்தில் பக்கத்து வீட்டு அக்காள்களுக்கும் அதே கதைதான். தோட்டத்து டிரெஸர் ஒரு களிம்பு கொடுப்பார். மறுநாள் மறுபடி பம்பு. ஐரீன் பெர்னாண்டஸ் தலைமையிலான தெனாகனீத்தா அமைப்பு தோட்டத்துப் பெண் மருந்தடிப்பாளர்களின் நிலையை ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு அந்த ஆண்டே தடை அறிவிக்கப்பட்டது. 2006இல் தடை தளர்த்தப்பட்டது. 2020 சனவரி முதல் தேதிதான் முழுத் தடை வந்தது. இடையில் எத்தனை பெண்களின் தோலும் நகமும் போனதோ, யாரும் எண்ணி வைக்கவில்லை.

தோட்டம் துண்டாடப்பட்டு, வீடமைப்புத் திட்டமும் தொழிற்பேட்டையுமாக மாறிய பிறகு எசிட்டும் பாராகுவாட்டும் போய்விட்டன. அவற்றின் இடத்துக்கு இனிப்புநீர் வந்தது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர்.

இனிப்புநீர்க்காரரின் கால் புண் எப்படித் தொடங்குகிறது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். நரம்பு மரத்துப் போகிறது. செருப்பில் ஆணி குத்தினாலும் தெரிவதில்லை. மாசி மகத்தன்று வெறுங்காலோடு வேண்டுதலுக்கு நடந்தவர், கொதிக்கும் தார் சாலையில் பாதம் வெந்ததே தெரியாமல் வீடு வந்து, காலையில் கட்டில் விரிப்பில் நீர்க்கறை பார்த்துக் கிளினிக்குக்கு வருவார். பாதத்தின் அடித்தோலுக்கு இன்னொரு குறையும் உண்டு: உள்ளங்கால், உள்ளங்கை இரண்டிலும் மயிர்க்காலே இல்லை. மேலே சொன்ன தீவுகள் அங்கே தோன்ற வியர்வைச் சுரப்பிகளை மட்டும்தான் நம்ப வேண்டும். போதாக்குறைக்கு இரத்த ஓட்டமும் குறைவு. சர்க்கரை நிறைந்த இரத்தத்தில் கிருமிக்குக் கொண்டாட்டம். இப்படிப்பட்ட புண்ணைக் கழுவி, செத்த சதையை எடுத்து, கட்டுப் போட்டு அனுப்புவோம், மறுபடியும் வருவார், மறுபடியும் கழுவுவோம். முதலில் சுண்டுவிரல் போகும். பிறகு முன்பாதம். பிறகு முழங்காலுக்குக் கீழே. லோரி ஓட்டியவருக்கு அதோடு வேலை போகும். பிள்ளையின் படிப்பு தடுமாறும். மனைவி தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகத் தொடங்குவார்.

இந்த இடத்தில்தான் நம் நாட்டிலேயே நடந்த ஒரு வேலையைச் சொல்லவேண்டும். தேசியப் பல்கலைக்கழகமான யுகேஎம், செராஸில் உள்ள தன் மருத்துவமனையில் பல ஆண்டுகளாகத் திசுப் பொறியியல் மையம் நடத்துகிறது. பேராசிரியர் ருஸ்ஸைமா இட்ருஸ் முன்னின்று உருவாக்கிய மைடெர்ம் என்ற ஈரடுக்குத் தோல் அங்கிருந்து வந்ததுதான். நோயாளியின் சொந்தத் தோல் செல்கள், சொந்த இரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த பைப்ரின், இரண்டையும் வைத்துக் கட்டிய தோல். சொந்தச் செல்கள் என்பதால் உடம்பு அதை அந்நியமாகத் தள்ளுவதில்லை. குளிரில் வைத்தால் மூன்று நாள் வரை கெடாமல் இருப்பதாக அவர்களே 2012இல் எழுதினார்கள். செராஸிலிருந்து மலாக்காவுக்கு நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம். தூரம் ஒரு தடையே இல்லை.

அச்சுக்கும் அங்கே பதில் இருக்கிறது. யுகேஎம்மின் எலும்பியல் மருத்துவர் முகமட் யாசிட் பஜுரி உள்ளிட்ட குழு, நீரிழிவுக் கால் புண்ணுக்கு நோயாளியின் சொந்தக் கொழுப்புத் திசுவை எடுத்து, நுணுக்கி, பைப்ரின் கூழோடு சேர்த்து, புண்ணின் வடிவத்துக்கே முப்பரிமாண அச்சில் இறக்கி வைக்கும் முறையைப் பற்றி 2023இல் ஆய்விதழில் எழுதியது. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ அல்ல, செராஸில் இருப்பவரும் சேர்ந்து எழுதியது. நம் அண்ணன் தம்பிகளுக்கு வரும் அதே புண்ணைப் பற்றி எழுதியது.

ஆகவே கண்டுபிடிப்பு நடக்கவில்லை என்று யாரும் அழ வேண்டியதில்லை. நடந்த கண்டுபிடிப்பு ஆய்வேட்டிலிருந்து ஜாசினுக்கும் அலோர் காஜாவுக்கும் ஏன் வந்து சேரவில்லை என்பதே கேள்வி. விடையும் ரகசியமில்லை. ஒருவருடைய செல்லை எடுத்து அவருக்கே தோல் வளர்ப்பதற்குத் தூசி புகாத ஆய்வுக்கூடம் வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் தனி வேலை. மாத்திரை மாதிரி லட்சக்கணக்கில் அடித்து அடுக்க முடியாது. அதனால் விலை ஏறும். விலை ஏறினால் தனியார் மருத்துவமனையில் காப்புறுதி வைத்திருப்பவருக்கு மட்டும் என்று ஆகிவிடும். அச்சுப்பொறி இந்த விலையைக் குறைக்கக்கூடிய வழிகளில் ஒன்று, ஏனென்றால் ஆள் கையால் செய்யும் வேலையைப் பொறி சீராகவும் வேகமாகவும் செய்யும். ஆனால் யாராவது தொடக்கத்தில் நிறைய நோயாளிகளுக்குச் செய்து காட்டினால்தான் அது நடக்கும். அந்த யாராவது சுகாதார அமைச்சாகத்தான் இருக்க முடியும்.

“கிளினிக்கில் சாதாரண மருந்துக்கே காலையிலிருந்து வரிசையில் நிற்கிறோம், இதில் அச்சுத் தோல் ஒரு கேடா?” என்று என்னோடு வேலை பார்த்த தோழியே சண்டைக்கு வருவார். அவர் கோபம் நியாயமானது. கால் புண்ணில் முதல் மருந்து சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. இரண்டாவது, பாதத்தில் பாரம் விழாத செருப்பு. மூன்றாவது, தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது. இவை இல்லாமல் தங்கத்தில் தோல் செய்து ஒட்டினாலும் நிற்காது. இரத்தம் ஓடாத இடத்தில் எந்த ஒட்டும் பிடிக்காது. அச்சடித்த தோலில் இரத்தக் குழாயைச் சேர்ப்பது ஆராய்ச்சியாளர்களுக்கே இன்னும் கடினமான வேலை. இதையெல்லாம் ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: ஒரு காலை வெட்டுவதும் செலவுதான். அறுவை, படுக்கை, பொய்க்கால், சொக்சோ உதவித்தொகை, வீட்டில் ஒருவர் வேலையை விட்டுப் பார்த்துக்கொள்வது என்று அந்தச் செலவு வாழ்நாள் முழுக்க நீள்கிறது. பல பையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. அச்சுத் தோலின் விலை ஒரே ரசீதில் நிற்பதால் எல்லார் கண்ணையும் உறுத்துகிறது.

இன்னொரு விஷயம், பலர் பேசாத விஷயம். நிறம். நம்மில் பெரும்பாலோர் கறுப்பு, மாநிறம். வெந்த இடத்தில் புதுத் தோல் வந்தாலும் அது பல சமயம் வெளிறியே நிற்கும், இல்லையென்றால் திட்டுத் திட்டாகக் கறுக்கும். வெளிறிய திட்டைப் பார்த்துவிட்டு ஒட்டும் நோயோ என்று சந்தேகப்படும் உறவுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். முகத்தில் தீப்பட்ட ஒரு பெண், புண் முழுக்க ஆறிய பிறகும் திருமண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டதை நான் அறிவேன். நிறம் தரும் செல்லைச் சேர்க்காமல் செய்யும் தோல் வெள்ளைக்காரருக்குப் பொருந்தலாம். நமக்குப் பாதிச் சிகிச்சைதான். சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு நிறச் செல்களோடு தோலை அச்சடித்து 2018இல் வெளியிட்டது. வேக் பாரஸ்டின் ஆறு வகைச் செல்களிலும் நிறச் செல் இருந்தது. ஆக, முடியும். மலேசியாவில் பொதுப் பணத்தில் செய்யும் தோல், மலாய்க்காரர், சீனர், இந்தியர், பூர்வகுடியினர் எல்லாருடைய நிறத்திலும் சோதிக்கப்பட வேண்டும் என்று நாம் முதலிலேயே கேட்டு வைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு கேட்டால் நம்மை யாரும் கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.

மலாக்காவுக்கு இதில் ஓர் இடம் இருக்கிறது என்பது என் நம்பிக்கை. டுரியான் துங்காலில் யுதெம் பல்கலைக்கழகம் உற்பத்திப் பொறியியல் கற்பிக்கிறது. அச்சுப்பொறியைப் பிரித்து மாட்டத் தெரிந்த பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். புக்கிட் பாருவில் 1997 முதல் மணிப்பால் கல்லூரி டாக்டர்களை உருவாக்கி வருகிறது. மலாக்கா பொது மருத்துவமனையில் கால் புண்ணோடு வருபவர்களுக்குக் குறைவே இல்லை. பொறியாளர், மருத்துவர், நோயாளி மூவரும் ஒரே மாநிலத்தில், அரை மணி நேரத் தூரத்துக்குள். செராஸில் இருக்கும் அனுபவத்தை இங்கே இறக்கி, மாநில அளவில் நீரிழிவுக் கால் புண்ணுக்கு ஒரு சோதனைத் திட்டம் தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் எது? நம் சட்டமன்ற உறுப்பினர்கள் கோயில் திருப்பணிக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் மானியம் கேட்பது சரி. இதற்கும் ஒரு கேள்வி எழுப்பட்டும். நம் பொது இயக்கங்கள் தலைமுடிப் போட்டியும் அழகு ராணிப் போட்டியும் நடத்தும் மண்டபத்தில் ஒரு நாள் பாதப் பரிசோதனை முகாமும் நடத்தட்டும். எஸ்பிஎம் முடித்த நம் பிள்ளைகளிடம் டாக்டர், வக்கீல் என்று மட்டும் சொல்லாமல், திசுப் பொறியியல் என்றொரு துறை உண்டு என்பதையும் ஆசிரியர்கள் சொல்லட்டும்.

விளம்பரத்துக்கு முன்பணம் கட்ட நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். செல் சிகிச்சை என்று எதைச் சொன்னாலும், அது தேசிய மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவான என்பிஆர்ஏவில் பதிவானதா, பதிவு எண் என்ன, செய்பவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிந்த மருத்துவரா என்று எழுத்தில் கேளுங்கள். ஆராய்ச்சி என்று சொன்னால், எந்த நெறிக்குழு அனுமதி தந்தது என்று கேளுங்கள். முறையான மருத்துவ ஆராய்ச்சியில் உங்களிடம் முடிக்கு இவ்வளவு வெள்ளி என்று கட்டணம் பேசமாட்டார்கள். அழகு நிலையத்துச் சுவரில் தொங்கும் சான்றிதழ் இந்தக் கேள்விகளுக்குப் பதிலாகாது. முடி கொட்டுவதற்குத் தைராய்டு, இரத்தச் சோகை, பிரசவத்துக்குப் பின்னான மாற்றம் என்று சாதாரணக் காரணங்கள் பல உண்டு. அவற்றை முதலில் அரசாங்கக் கிளினிக்கில் பார்த்துவிடுங்கள்.

முடி அச்சு ஒரு நாள் வரும். வாங்க ஆள் இருப்பதால் அதற்குக் கடை தானாகவே திறக்கும். நாம் யாரும் மனுக் கொடுக்கத் தேவையில்லை. கால் புண்ணுக்கான தோல் அப்படி வராது, ஏனென்றால் அதை வாங்க வேண்டியவர் ஓய்வூதியமோ காப்புறுதியோ இல்லாத, தோட்டத்தில் உழைத்து முடித்த மனிதர். அவருக்காக மனுக் கொடுக்க வேண்டியவர்கள் நாம். அடுத்த மாநில வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பே கொடுப்போம்.